ஆளை ஆளப் படிப்பெதற்கு என்பார்க்கு

தொழிலாளரை வைத்து வேலை வாங்குவதற்கென்று தனியே ஒரு படிப்பு வேண்டுவதில்லை என்றும், அது உலக அனுபவத்தாலும் பிறவிச் சாமர்த்தியத்தாலும் கைவருவதேயன்றி வகுப்பறையில் உட்கார்ந்து பெறுவதன்று என்றும், ஆகையால் மனிதவள நிர்வாகத்தில் எம்.பி.ஏ. பட்டமோ எம்.எஸ்.டபிள்யூ. பட்டமோ பெற்று வருகிறவருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் செலவே என்றும் ஓர் அபிப்பிராயம் நம்முடைய மதுரைச் சீமையில் வெகுகாலமாக வேரூன்றி நிற்கிறது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஐம்பது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவரும், சுற்றுவட்டாரத்தில் ஐந்நூறு பேரை வைத்து நூற்பாலை நடத்துகிறவரும் மற்றெதில் வேறுபட்டாலும் இதில் ஒத்த கருத்தினர். நாலு ஊர்த் தண்ணீர் குடித்தவன் போதும், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டு விடுவான் என்பது அவர்கள் வாக்கு. அந்த வாக்கின்படியே டைம் ஆபீஸ் நாற்காலியில் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரோ, முதலாளியின் மைத்துனரோ, கணக்கெழுதிக் கொண்டிருந்தவர்களில் சற்று அதட்டிப் பேசத் தெரிந்த ஒருவரோ அமர்த்தப்படுகிறார்.

இந்த அபிப்பிராயம் படியாதவர்களுடையது மட்டுமாயிருந்தால் இதை மறுக்கப் புகுவதில் அதிகப் பிரயோஜனமில்லை. பொறியியல் கற்றவரும், கணக்குத் தணிக்கை செய்கிறவரும், மருத்துவமனை நடத்துகிறவரும், தத்தம் துறையில் பட்டமும் பதிவும் இல்லாத ஒருவரை வாசற்படி ஏறவிடாதவர்களாக இருந்தும், மனிதரைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்றுவதும் தண்டிப்பதும் வேலையினின்று விலக்குவதுமாகிய காரியத்துக்கு மட்டும் யாராயிருந்தாலும் போதும் என்று சொல்லுகிறார்கள். ஆலையில் கொதிகலனருகே நிற்கிறவருக்குச் சட்டம் சான்றிதழ் கேட்கிறது. அது மிகை என்று எந்த முதலாளியும் வாதாடியதை நான் கேட்டதில்லை. கொதிகலன் வெடித்தால் தொழிலாளியோடு தம்முடைய கட்டடமும் சேர்ந்து போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆள் நிர்வாகத்தில் அறியாமையால் விளையும் சேதமோ பெரும்பாலும் தொழிலாளியின் வீட்டில் போய் விழுகிறது. ஆலையின் பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. படிப்பு வேண்டாம் என்ற அபிப்பிராயம் இத்தனை காலம் உயிர் தரித்திருப்பதற்கு, அது உண்மையாயிருப்பது காரணமன்று. அதன் விலையை வேறொருவர் கொடுத்து வருவதே காரணம் என்பது என் துணிபு.

பட்டமற்ற அனுபவசாலி ஆளை ஆண்ட காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. அது ஆவணங்களில் பதிவாகிக் கிடக்கிறது. பஞ்சாலைகள் தோன்றிய நாள் முதல், ஆளெடுப்பதும், ஷிஃப்ட் ஒதுக்குவதும், லீவு கொடுப்பதும், வேண்டாதவனை நிறுத்துவதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. மேஸ்திரியைவிட ஆளறிந்தவர் யார்? ஒவ்வொருவனுடைய ஊரும், உறவும், சாதியும், வாங்கிய கடனும், வீட்டுத் தகராறும் அவருக்கு மனப்பாடம். அவ்வளவு ஆளறிவும் எதற்குப் பயன்பட்டது என்றால், வேலைக்குச் சேரும்போது ஒரு மாமூல், சேர்ந்தபின் அந்த வேலையில் நீடிப்பதற்கு ஒரு மாமூல் என்று வசூலிப்பதற்கே பெரிதும் பயன்பட்டது. விட்லி என்பவர் தலைமையில் 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த ராயல் கமிஷன், இந்தியா முழுவதும் சுற்றி விசாரித்த பிறகு, ஆளெடுக்கும் அதிகாரத்தையும் விலக்கும் அதிகாரத்தையும் மேஸ்திரியின் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்கென்று லேபர் ஆபீஸர் ஒருவரை ஆலைகளில் நியமிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. இன்று மனிதவள அதிகாரி என்று சொல்லப்படும் உத்தியோகத்தின் வித்து அதுதான். அனுபவசாலியான ஆளறிஞனிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்றுவதற்காகவே இந்த உத்தியோகம் பிறந்தது என்பதை, இதற்கு அனுபவமே போதும் என்பவர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கமிஷன் லேபர் ஆபீஸரிடம் கேட்டதெல்லாம் நேர்மை, ஊக்கம், மனிதரைப் புரிந்துகொள்ளும் சக்தி, மொழிப்பயிற்சி ஆகிய குணங்களைத்தானே, பட்டத்தையன்றே என்று வாதிக்க இடமுண்டு. கேட்டது மெய்தான். ஆனால் குணத்தை மட்டும் நம்பிக் காரியம் நடத்த முடியாது என்பதை அடுத்த இருபது ஆண்டுகளின் சரித்திரம் காட்டிவிட்டது. 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரால் சமூகப்பணிக் கல்விக்கூடம் ஒன்று தோன்றியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தன் 49ஆம் பிரிவில், ஐந்நூறு பேருக்குக் குறையாத ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அதிகாரி இருந்தாக வேண்டும் என்று விதித்ததோடு நில்லாமல், அவருடைய கடமைகளையும் கல்வித் தகுதியையும் மாநில அரசு வரையறுக்கலாம் என்றும் சொல்லிற்று. 1952இல் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி ஏற்பட்டது. சுதந்திர இந்தியா வேறெத்தனையோ விஷயங்களில் தயங்கி நின்ற காலத்தில், தொழிலாளியின் குறையைக் கேட்க உட்காருகிறவர் அதற்கென்று படித்தவராயிருக்க வேண்டும் என்பதில் தயங்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் குடியிருக்கும் நமக்கு, ஆள் நிர்வாகம் பிறவியில் வருவதன்று, கற்று வருவது என்பதற்கு அத்தாட்சி வெகு தூரத்தில் இல்லை. ஊரை ஒட்டியிருக்கும் ஹார்விபட்டி, மதுரை ஹார்வி மில் தொழிலாளர் குடியிருப்பதற்காக அந்நிறுவனம் அமைத்த ஊர். அதே ஹார்வி சகோதரர்களின் நிர்வாகத்திலிருந்த தூத்துக்குடிக் கோரல் மில்லில், 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டும் என்று தொழிலாளர் வேலையை நிறுத்தியதையும், வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுக்குத் துணைநின்றதையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்பதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்த நிலையிலிருந்து, வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுக்கும் நிலைக்கு ஒரு நிறுவனம் வந்து சேர்ந்தது, யாரோ ஒரு துரைக்கு இயல்பாகவே மனம் இளகியதால் நிகழ்ந்தது என்று நான் நம்பவில்லை. தொழிலாளர் கூடிப் போராடினார்கள், கமிஷன்கள் விசாரித்தன, சட்டங்கள் வந்தன, நிர்வாகம் செய்கிறவர்கள் கற்றுக்கொள்ள நேர்ந்தது. கற்றுக்கொண்ட ஒன்றை, பிறவியிலேயே இருந்தது என்று பின்வந்தவர்கள் எண்ணிக்கொள்வது நன்றியறிவாகாது.

இனி, பார்த்த மாத்திரத்தில் எடைபோடும் சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் எதிர்வாதத்தின் உயிர்நிலை அதுவே. வேலைக்கு வருகிறவனை ஐந்து நிமிஷம் பேசவிட்டு, அவன் நிற்கும் நிலையையும் கண்ணையும் பார்த்து, இவன் தேறுவான் இவன் தேறமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லும் வித்தை மெய்யாகவே இருக்குமானால், நான் என் கட்சியை இப்போதே விட்டுவிடச் சித்தமாயிருக்கிறேன். ஆனால் அந்த வித்தையைச் சோதித்திருக்கிறார்கள். எவ்வழியாகத் தேர்ந்தால் தேர்ந்தெடுத்தவர் பிற்பாடு நன்றாக வேலை செய்கிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, எண்பத்தைந்து ஆண்டுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து, பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்ட்டர் என்னும் இருவர் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதை 2022இல் பால் சாக்கெட்டும் அவருடன் உழைத்தவர்களும் மறுபடி கணக்கிட்டுத் திருத்தினார்கள். சம்பந்தமே இல்லை என்பதற்கு 0, முற்றும் பொருந்துகிறது என்பதற்கு 1 என்று கொள்ளும் அளவையில், மனம்போன போக்கில் பேசிப்பார்த்து ஆளெடுக்கும் நேர்காணலுக்கு அவர்கள் கண்டது 0.19. வேலையை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ற கேள்விகளை முன்கூட்டியே எழுதி, வந்த எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, விடைக்கு இன்ன மதிப்பெண் என்று வரையறுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணலுக்குக் கண்டது 0.42. ஒருவர் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்ற கணக்குக்குக் கண்டதோ 0.07. நாலு ஊர்த் தண்ணீருக்கு மதிப்பு அவ்வளவுதான்.

இதே ஆராய்ச்சியை என் எதிர்க்கட்சியாரும் எடுத்துக்காட்டக்கூடும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில், ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார் என்பதற்குக் கிடைத்த எண்ணும் 0.10தான். பார்த்தீர்களா, படிப்புக்கும் மதிப்பில்லை என்று அவர்கள் கைதட்டலாம். ஆனால் அந்த எண் சொல்வது என்ன? பள்ளியிலும் கல்லூரியிலும் கழித்த வருஷங்களை எண்ணிப் பார்த்து ஒருவருடைய வேலைத்திறனைக் கண்டுபிடிக்க முடியாது என்பதைச் சொல்லுகிறது. தேர்வு செய்கிறவருக்கு எந்த முறை பலிக்கும், எது பலிக்காது என்ற அறிவு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி; அதற்கு அதே கட்டுரைகள் விடை சொல்லுகின்றன. 0.19க்கும் 0.42க்கும் உள்ள வித்தியாசம் குணத்தால் வந்ததன்று, முறையால் வந்தது. முறை என்பது கற்பிக்கப்படுவது. வேலையை ஆராய்ந்து கேள்வி எழுதும் முறையைத் தானாகக் கண்டுபிடித்த மைத்துனர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

தேர்வு செய்வதைவிடக் கொடியது தண்டிக்கும் அதிகாரம். ஆலை ஒன்றில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். இரவு ஷிஃப்டில் தூங்கினான் என்று ஒரு தொழிலாளி மீது குற்றச்சாட்டு. சார்ஜ் ஷீட்டில் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மெஷினருகில் என்பதெல்லாம் இல்லை; பணியில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டமைக்காக என்று மட்டும் இருந்தது. அவர் தூங்கியதைக் கண்டதாகச் சொன்ன அதிகாரியே உள்விசாரணை அதிகாரியாகவும் அமர்ந்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அந்தத் தொழிலாளியை அழைக்கவில்லை; அழைக்க வேண்டும் என்பதே அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் அவருடைய தமிழ்க் கையெழுத்து வாங்கப்பட்டது. மறுவாரம் டிஸ்மிஸ் உத்தரவு தபாலில் வந்தது. வழக்குத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய், விசாரணை இயற்கை நீதிக்கு முரணானது என்று தள்ளப்பட்டு, மீண்டும் வேலை என்ற தீர்ப்பு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. இடைக்காலத்தில் அந்த மனிதர் மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமந்தார். மூத்த பெண்ணின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. முதலாளியோ இன்றுவரை, சட்டம் தொழிலாளி பக்கம்தான் பேசும் என்று சொல்லி வருகிறார்.

அந்தத் தொழிலாளி மெய்யாகவே தூங்கியிருக்கலாம். ஒழுங்காக விசாரித்திருந்தால் ஆலை தன் பக்கத்து நியாயத்தை நிலைநாட்டியிருக்கவும் கூடும். அல்லது, ஆள் குறைவால் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து நிறுத்தப்பட்டவர் தூங்கிப்போனார் என்ற உண்மை வெளிவந்து, தண்டனை எச்சரிக்கையோடு முடிந்திருக்கவும் கூடும். 1971இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, ஆலை விதித்த தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்று கண்டால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள பொருத்தத்தை நிறுத்துப் பார்ப்பது மனிதவள நிர்வாகப் பாடத்தில் வருகிற விஷயம். தான் குற்றஞ்சாட்டிய வழக்கில் தானே நீதிபதியாக உட்காரலாகாது என்பதும் அப்படியே. போலீஸில் முப்பது வருஷம் இருந்த அனுபவம் இதை அந்த விசாரணை அதிகாரிக்குக் கற்றுத்தரவில்லை. மாறாக, அதட்டிக் கேட்டால் உண்மை வரும் என்ற பழக்கத்தையே ஆலைக்குள் கொண்டு வந்தது.

இன்னொன்று, கணக்கு. இருபது வருஷம் உழைத்து ஓய்வு பெறும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து கடைசி மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் கிராஜுவிட்டி கொடுக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி. பதினைந்து நாள் என்றால் பாதி மாதந்தானே என்று எண்ணி, சம்பளத்தை முப்பதால் வகுத்து, வருஷத்துக்கு 6,500 என்று கணக்குப் பார்த்து, இருபது வருஷத்துக்கு 1,30,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கையில் கொடுத்து, மாலையும் போட்டு அனுப்புகிறார்கள். விடுமுறை நாள் நீங்க வேலை நாள் இருபத்தாறு என்று கொண்டு, இருபத்தாறால் வகுக்கச் சொல்லுகிறது சட்டம். அப்படி வகுத்தால் வருஷத்துக்கு 7,500, மொத்தம் 1,50,000. இருபதினாயிரம் ரூபாய் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை, காசோலை எழுதியவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வாங்கிக்கொண்டவருக்கும் தெரியவில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் அந்த இருபதினாயிரம் நின்றுபோய் வட்டி ஏறிக்கொண்டிருப்பது மட்டும் அவருக்குத் தெரியும். அறியாமையின் விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிட்டவில்லை.

எதிர்த்தரப்பில் சொல்லப்படும் உதாரணங்களில் கௌரவமானது ஒன்றுண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உலகத்திலேயே மிக அதிகமாகக் கண் சிகிச்சை செய்யும் நிலையங்களில் ஒன்றாக வளர்ந்ததே. அதன் பாரத்தைத் தாங்குகிறவர்கள் பிளஸ் டூ மட்டும் படித்த கிராமத்துப் பெண்கள்தானே. அங்கே பட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம், உதாரணம் காட்டுகிறவர் அந்த மருத்துவமனையைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்றே தோன்றும். அந்தப் பெண்களைத் தெரிந்தெடுப்பதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. தெரிந்தெடுத்தபின் இரண்டு வருஷப் பயிற்சி இருக்கிறது. கண்ணை அளப்பது இன்னாருக்கு, அறுவை அரங்கில் உதவுவது இன்னாருக்கு, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது இன்னாருக்கு என்று அவரவர் இயல்பு கண்டு பிரித்துப் பயிற்றுவது இருக்கிறது. ஆளைத் தேர்வது, பயிற்றுவது, பொருத்தமான வேலையில் வைப்பது, வேலையை அளந்து பார்ப்பது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மனிதவள சாஸ்திரம். அரவிந்த் அதைக் கைவிட்டு வெற்றி பெறவில்லை. வேறெந்த ஆலையும் செய்யாத சிரத்தையோடு அதைச் செய்து வெற்றி பெற்றது. பயிற்சியே வேண்டாம் என்பவர்கள் தங்கள் கட்சிக்கு அதை அழைப்பது, சாட்சியை எதிர்த்தரப்புக்கு அனுப்பி வைப்பதாகும்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொழில் தொடங்கியபோது எந்த நிர்வாகக் கல்லூரி இருந்தது என்றும் கேட்பதுண்டு. இல்லைதான். பெரியவர் ஒருவர் ஒரு தலைமுறையில் தம் கண்பார்வையில் நடத்திய ஒழுங்கை, மூன்றாம் தலைமுறையில் பல ஊர்களில் பல ஆயிரம் பேருக்கு நடுவே நிலைநிறுத்த அவருடைய நல்ல குணம் மாத்திரம் போதாது. குணம் அவரோடு போகிறது. எழுதி வைத்த முறையும், அதைப் படித்து நடத்தத் தெரிந்தவர்களுமே பின்னே நிற்கிறார்கள்.

பட்டதாரிகளிடத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குறை நிரம்ப உண்டு. ஆலை வாசலை மிதியாமலே மனிதவளத்தில் தேறி வருகிறவர்கள் உண்டு. பிராஜெக்ட் என்ற பெயரில் ஆலையிலிருந்து ஒரு கடிதத்தை மட்டும் வாங்கி, முந்தின வருஷத்து மாணவனுடைய கேள்வித்தாளை நகலெடுத்து, தொழிலாளர் மனநிறைவு என்று தலைப்பிட்டு பைண்ட் செய்து கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சார்ஜ் ஷீட்டைத் தமிழில் எழுதத் தெரியாதவரும், வாய்மொழியாகச் சொல்லப்படும் ஒரு குறையை எழுத்தில் ஏற்றத் தெரியாதவரும் உண்டு. இவர்களைப் பார்த்துவிட்டு முதலாளி சலித்துக்கொள்வது நியாயமே. ஆனால் அந்தச் சலிப்பு அவரை எங்கே கொண்டு செல்ல வேண்டும்? திருப்பரங்குன்றத்திலேயே, கருமுத்து தியாகராசர் பெயர் தாங்கிய நிர்வாகவியல் கல்லூரி, 1962ஆம் ஆண்டு முதல் வேரூன்றிய ஒரு கல்விப் பரம்பரையோடு நிற்கிறது. அதன் வாசலுக்குச் சென்று, உங்கள் மாணவர்களை ஆறு மாதம் என் ஆலையில் மூன்று ஷிஃப்டிலும் நிறுத்துங்கள், மஸ்டர் ரோல் எழுதட்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளைத் தாமே போடட்டும், ஓர் உள்விசாரணையில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று கேட்பதற்கு முதலாளியைத் தடுப்பது யார்? வைத்தியரில் அரைகுறையானவர் இருக்கிறார் என்பதற்காக வைத்தியக் கல்லூரிகளை மூடிவிட்டு வீட்டுப் பெரியவரிடம் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறவர் இல்லை.

அமெரிக்காவில் ரைன்ஸ் முதலான மூவர் 2002இல் செய்த பரிசோதனை ஒன்றை இங்கே நினைவுகூர்வது தகும். மனிதவள அதிகாரிகளுக்கு, அத்துறையின் ஆராய்ச்சி முடிவுகளைப் பற்றி 35 கேள்விகள் அனுப்பினார்கள். 959 பேர் விடையெழுதினார்கள். பல விஷயங்களில், விசேஷமாக ஆளைத் தேர்வு செய்யும் விஷயத்தில், அதிகாரிகளின் நம்பிக்கைக்கும் ஆராய்ச்சியின் முடிவுக்கும் வெகு தூரம் இருந்தது. ஆக, அந்த உத்தியோகத்தில் இருப்பதே அறிவாகிவிடாது. ஆனால் அதே பரிசோதனையில், அத்துறையின் மேல்நிலைச் சான்றிதழ் பெற்றவர்களும், ஆராய்ச்சி நூல்களைப் படிக்கும் பழக்கமுள்ளவர்களும் ஓரளவு அதிகமாகச் சரியான விடையளித்தார்கள். வித்தியாசம் பெரிதன்று, அதை நான் பெரிதுபடுத்தவும் மாட்டேன். ஆயினும் அந்தச் சிறிய வித்தியாசமும் படிப்பின் பக்கமே சாய்ந்தது. இதிலிருந்து நான் கொள்வது, சான்றிதழ் ஒரு தடவை வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதாக இராமல், சில வருஷங்களுக்கு ஒரு முறை மறுபடி தேறிப் புதுப்பிக்க வேண்டியதாக இருக்க வேண்டும் என்பதே.

அந்தத் தேவை முன் எப்போதையும்விட இப்போது அதிகம். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நல அதிகாரி கட்டாயம் என்ற வரம்பு ஐந்நூறு பேரிலிருந்து இருநூற்றைம்பது பேருக்கு இறங்கியிருக்கிறது, இது வரவேற்கத்தக்கது. அதே நேரத்தில், நிலையாணைகள் கட்டாயம் என்ற வரம்பு, 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த நூறு பேரிலிருந்து முந்நூறு பேராக உயர்ந்துவிட்டது. இருநூறு பேர் வேலை செய்யும் ஓர் ஆலையில், எது ஒழுங்கீனம், எதற்கு எவ்வளவு தண்டனை, லீவுக்கு யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பதை எழுதிச் சான்று பெற்றுத் தொங்கவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாது போயிற்று. நல அதிகாரி வைக்க வேண்டிய கட்டாயமும் அந்த ஆலைக்கு இல்லை. எழுதிய விதி இல்லாத இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரே விதி. அவர் யார், என்ன கற்றவர் என்ற கேள்வியை இனி முதலாளியின் சொந்த விருப்பம் என்று விட்டுவிட முடியுமா?

படிப்பை எட்டாத உயரத்தில் வைத்துத் தொழிலாளியை விலக்கும் சூழ்ச்சி இது என்று தொழிற்சங்க நண்பர்கள் சிலர் ஐயுறுவதும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திண்டுக்கல்லைக் காட்டுகிறேன். அங்கே ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் 2021 தொடக்கத்தில் கொலையுண்டு, ஆலையின் மேற்பார்வையாளரே குற்றஞ்சாட்டப்பட்ட துயரத்துக்குப் பின், 2022 ஏப்ரலில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஆலை நிறுவனத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தையல் மெஷினில் உட்காரும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. எது சீண்டல், எப்படிப் புகார் செய்வது, புகார் செய்தவளைப் பழிவாங்கலாகாது என்பதெல்லாம் அங்கே பாடமாகச் சொல்லித் தரப்பட்டன. இவையெல்லாம் நல்ல மனிதருக்குத் தானாகவே தெரியும் என்று விட்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெண் இறந்தாள். படிப்பு யாரையும் விலக்குவதற்கன்று. ஆலையின் ஒவ்வொரு படியிலும் அது இறங்கி வர வேண்டும் என்பதே என் கட்சி.

கப்பலூரிலும் திருமங்கலத்திலும் திருப்பரங்குன்றத்திலும் ஆலையும் பட்டறையும் நடத்துகிற கனவான்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டைம் ஆபீஸ் நாற்காலி அடுத்த தடவை காலியாகும்போது, வருகிறவரிடம் அதற்குரிய பட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சம்பவத்தைச் சொல்லி அதற்குத் தமிழில் ஒரு சார்ஜ் ஷீட் எழுதச் சொல்லுங்கள். இருபது வருஷ சர்வீஸுக்கு ஒரு கிராஜுவிட்டிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு வேலைக்கு ஆளெடுக்க ஆறு கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். இம்மூன்றையும் செய்யத் தெரியாதவர் எவ்வளவு அனுபவசாலியானாலும், உங்கள் மைத்துனரேயானாலும், அவரை அந்த நாற்காலியில் அமர்த்தாதீர்கள்.